சூடு ஆறுமுன் அளந்த அளவு: கடைசல் பாகங்களைப் பக்கத்துப் பட்டறையில் வாங்குவது

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் வால்வு செய்யும் சிறிய யூனிட் ஒன்றில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறை. எங்களுக்கு வேண்டிய கடைசல் பாகங்களில் பெரும்பகுதி வாளையார் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், கோவையிலிருந்து வருகிறது. குனியமுத்தூர், குறிச்சி, கணபதி, ஆவாரம்பாளையம் என்று ஒவ்வொரு பகுதியிலும் எங்களுக்குத் தெரிந்த லேத் பட்டறை ஒன்றாவது உண்டு. சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு பட்டறையில் 12 மி.மீ. விட்டமுள்ள ஸ்பிண்டில், அதாவது வால்வைத் திறந்து மூடும் தண்டு, 2,000 எண்ணம் கேட்டிருந்தோம். எஸ்.எஸ். 304 என்ற ஸ்டெயின்லெஸ் ராடு, கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. லேத்தில் கடைசல். டெம்போ வந்து பெட்டி இறங்கியது. மறுநாள் காலை எங்கள் அளவு அறையில் சோதித்தால் முந்நூற்றுக்கும் மேல் அளவு குறைவு. பட்டறைக்காரர் கையெழுத்திட்டு அனுப்பிய ரிப்போர்ட்டில் எல்லாமே சரியாக இருந்தது.

நேரில் போனேன். அவர் பொய் சொல்லவில்லை. என் கண் முன்னாலேயே லேத்தில் ராடைப் பிடிக்கும் சக்கிலிருந்து ஒரு பீஸைக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, மைக்ரோமீட்டரில் பிடித்துக் காட்டினார். அளவு சரியாகத்தான் இருந்தது. அந்தப் பீஸைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. டீ டம்ளரைப் பிடித்த மாதிரி சுட்டது.

இரும்பு சூட்டில் விரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு விரியும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள்தான் குறைவு. 304 ஸ்டெயின்லெஸ் ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 17 மைக்ரான் நீளும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 12 மி.மீ. விட்டத்துக்கு, மைக்ரோமீட்டரைவிட பீஸ் 25 டிகிரி சூடாக இருந்தால் 5 மைக்ரான் அதிகமாகக் காட்டும். எங்கள் ட்ராயிங்கில் இருந்த டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு, சின்ன எச்6 (h6). அந்த விட்டத்துக்கு அதன் பொருள் 12-லிருந்து 11 மைக்ரான் வரை குறையலாம், ஒரு மைக்ரான்கூட ஏறக் கூடாது என்பது. ஆக மொத்தம் 11 மைக்ரான் இடத்தில் 5 மைக்ரானைச் சூடே தின்றுவிட்டது. சூட்டில் பெரிதாகத் தெரிந்த பீஸைப் பார்த்து அவர் மெஷினில் டூலின் இடத்தைத் திருத்தும் ஆஃப்செட்டைக் குறைத்துக் கடைந்திருக்கிறார். ஆறியதும் அவை கீழ் எல்லைக்கும் கீழே போய்விட்டன.

இதில் தப்பு யாருடையது என்று அன்றைக்கு அலுவலகத்தில் பெரிய பேச்சு நடந்தது. என் பதில் இன்றும் அதேதான்: முதல் தப்பு எங்களுடையது. எந்தச் சூட்டில், எந்தக் கருவியில், பீஸின் எந்த இடத்தில் அளப்பது என்பதை ஆர்டர் போடும்போது நாங்கள் சொல்லவே இல்லை. அளவு என்ன என்று மட்டும் எழுதி அனுப்பினோம். பக்கத்துப் பட்டறையில் கடைசல் பாகம் வாங்குவதன் முழுப் பயனும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். ராடில் டூல் படுவதற்கு முன்பே இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று, அளக்கும் முறையை ஒத்துக்கொள்ளலாம். தூரத்திலிருந்து வாங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. பக்கத்தில் இருந்தும் அதைச் செய்யாவிட்டால், பக்கம் என்பதில் டெம்போ வாடகை மிச்சம் மட்டுமே.

இந்தப் பட்டறைகள் ஏன் இங்கே இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் பஞ்சாலைகள் பெருகின. ஆலை ஓட உதிரிபாகம் வேண்டும். வெளிநாட்டு மெஷினுக்குத் தேய்ந்துபோன ஒரு புஷ்ஷோ ஷாஃப்ட்டோ கப்பலில் வரும்வரை ஆலையை நிறுத்திவைக்க முடியாது. அதை உள்ளூரில் கடைந்து கொடுத்த கைகளிலிருந்துதான் இந்தத் தொழில் கிளைத்தது. 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக் கூடமும், 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்த மின்மோட்டாரும் அந்தக் காலத்தவை. பிறகு பம்ப்செட் வந்தது, வெட் கிரைண்டர் வந்தது. 1962-இல் தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸ் பஞ்சாலை மெஷினோடு பின்னாளில் சி.என்.சி. லேத்தும் செய்யத் தொடங்கியது. பெரிய ஆலையில் டர்னராக வேலை பார்த்தவர், பழைய லேத் ஒன்றை வாங்கி வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு உட்கார்ந்தால் அதுவே பட்டறை. இன்றைக்கும் பல இடங்களில் அப்படித்தான்.

கஞ்சிக்கோடு வேறு மாதிரி வளர்ந்தது. 1970-களில் இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் இங்கே கன்ட்ரோல் வால்வு செய்ய வந்தது. 1987-இல் திரவ ஓட்டத்தை அளந்து சோதிக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமும் இங்கே அமைந்தது. அதனால் வால்வு, மீட்டர், பிட்டிங் என்று தண்ணீரும் நீராவியும் ஓடும் சாமான்களில் இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கை பழகியிருக்கிறது. ஆனால் கடைசலுக்கு இன்னும் மேற்கிலிருந்து கிழக்கே, பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் போகிறோம். எங்கள் யூனிட்டில் பாதிப் பேர் வீட்டில் தமிழ், ஸ்டோரில் மலையாளம், ட்ராயிங்கில் ஆங்கிலம். பட்டறையில் மட்டும் எல்லாரும் ஒரே பாஷைதான் பேசுகிறோம்: சக், டூல், டிப்பு, செட்டிங், பிசிறு, ஜாப்.

அந்தக் கணவாய்க் காற்றுக்கும் நம் விஷயத்தில் பங்கு உண்டு. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஓடும் பட்டறையில் மதியம் 38 டிகிரி என்பது சாதாரணம். உலகம் முழுக்க அளவுக்கு ஒத்துக்கொண்ட சூடு 20 டிகிரி. 100 மி.மீ. அலுமினியப் பாகம் 38-லிருந்து 20-க்கு இறங்கினால் 41 மைக்ரான் சுருங்கும். பட்டறையில் அளக்கும்போது மைக்ரோமீட்டரும் அதே வெயிலில் விரிந்திருப்பதால் அதில் பாதி கழிந்துவிடும். மீதி 20 மைக்ரான் நம் தலையில் விழும். எஃகுப் பாகத்தை எஃகு மைக்ரோமீட்டரில் அளக்கும்போது இரண்டும் ஒன்றாக விரிவதால் பிரச்சினை குறைவு, இரண்டும் ஒரே சூட்டில் இருக்கிறவரை. எங்கள் ஸ்பிண்டில் விஷயத்தில் அந்த "இருக்கிறவரை"தான் நடக்கவில்லை.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிச் சண்டைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. டிஜிட்டல் வெர்னியரின் திரையில் 0.01 வரை எண் தெரியும். அதனால் 0.01 வரை அது சரியாக அளக்கிறது என்று அர்த்தமில்லை. நல்ல வெர்னியருக்கே 0.02 முன்பின் வரும். அதை வைத்து 11 மைக்ரான் டாலரன்ஸைத் தீர்மானிப்பது, மளிகைக்கடைத் தராசில் தங்கம் நிறுக்கிற மாதிரி. டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது தெளிவாகக் காட்டும் கருவி வேண்டும் என்பது அளவியலில் பழைய வழக்கம். ஓட்டையின் அளவுக்கு வெர்னியரின் மேல் மூக்கை நம்பவே கூடாது. ஓட்டைக்குள் நுழைத்துப் பார்க்கும் பிளக் கேஜ் வேண்டும், இல்லாவிட்டால் போர் கேஜ். இப்போதெல்லாம் முக்கியமான அளவு இருக்கிற ஆர்டருக்கு எங்கள் பிளக் கேஜையும், தண்டை உள்ளே விட்டுப் பார்க்கும் ரிங் கேஜையும் பட்டறைக்கே கொடுத்துவிடுகிறோம். அதே கேஜில் இங்கேயும் அங்கேயும் பார்த்தால், "உங்க மைக்ரோமீட்டர் தப்பு" என்ற பேச்சே எழாது.

ஸ்பிண்டில் கதையில் இரண்டாவது தப்பும் எங்களுடையதுதான், அதுதான் பெரிய தப்பும்கூட. பட்டறைக்காரர் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டார். வயதில் மூத்தவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். "தம்பி, இது எதுக்குள்ள போய் உட்காருதுங்க? பேரிங்கா?" பேரிங் இல்லை. கசிவைத் தடுக்கும் கிளாண்டுக்குள், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வழியாகச் சுற்றி மேலே வரும் ஸ்பிண்டில் அது. "அப்புறம் ஏனுங்க எச்6? ஓ-ரிங்குக்கு வழுவழுப்புதான முக்கியம்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் டிசைன் பிரிவில் கேட்டேன். பழைய ட்ராயிங்கில் இருந்தது, அப்படியே வந்துவிட்டது என்றார்கள்.

சின்ன எஃப்7 (f7) என்று மாற்றினோம். 12 மி.மீ.க்கு அது 16 முதல் 34 மைக்ரான் வரை குறைவு. அதாவது 18 மைக்ரான் இடம். அதற்குப் பதிலாக ஓ-ரிங் உராயும் பகுதிக்கு மட்டும் மேற்பரப்பின் சராசரிச் சொரசொரப்பு, ஆர்.ஏ., 0.4 மைக்ரான் என்று எழுதினோம். அந்த வழுவழுப்பு வெறும் கடைசலில் நம்பி வராது. டூல் முனை 0.4 மி.மீ. ரேடியஸ், ஒரு சுற்றுக்கு டூல் நகரும் ஃபீடு 0.1 மி.மீ. என்றால், கணக்குப்படியே மேடு பள்ளம் 3 மைக்ரான் வந்துவிடும். அதனால் கடையும்போது 0.2 மி.மீ. விட்டுவைத்து, சாணைச் சக்கரத்தில் தேய்க்கும் சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் முடிப்பது என்று தீர்மானித்தோம். கிரைண்டிங் கூலி கூடியது. ரிஜெக்ஷன் நின்றது. பழைய ஸ்பிண்டிலில் ஆறு மாதத்தில் ஓ-ரிங் தேய்ந்து கசிந்தது என்று வந்துகொண்டிருந்த புகார்களும் நின்றன. அந்தப் புகார்களுக்கு எச்6 ஒருபோதும் பதிலாக இருந்ததில்லை. நாங்கள் அளவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மேற்பரப்பைக் கவனிக்காமல் விட்டிருந்தோம்.

ட்ராயிங்கில் ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் காசு இருக்கிறது. 0.1 என்பதை எந்த லேத்தும் கொடுக்கும். 0.02 என்றால் நல்ல சி.என்.சி.யும் கவனமான ஆளும் வேண்டும். 0.01-க்குக் கீழே போனால் கிரைண்டிங், ஆறவைத்து அளப்பது, ஒவ்வொரு பீஸாகப் பார்ப்பது எல்லாம் வந்து சேர்கிறது. அதனால் எந்த இரண்டு அளவு வால்வின் வேலையைத் தீர்மானிக்கிறதோ அவற்றுக்கு மட்டும் இறுக்கமாகக் கொடுத்துவிட்டு, மற்றதை ஐ.எஸ்.ஓ. 2768-இன் நடுத்தரப் பொது டாலரன்ஸில் விடுவது நல்லது. அதன்படி 6-லிருந்து 30 மி.மீ. வரையிலான அளவுக்கு 0.2 முன்பின் போகலாம், 30-லிருந்து 120 வரை 0.3. எல்லா அளவுக்கும் பக்கத்தில் 0.01 என்று போட்ட ட்ராயிங்கைப் பார்த்தால் அனுபவமுள்ள பட்டறைக்காரர் இரண்டில் ஒன்று செய்வார்: விலையை மூன்று மடங்கு சொல்வார், அல்லது அந்த எண்களைக் கண்டுகொள்ளாமல் விடுவார். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் நிஜமாக முக்கியமான அளவையும் சேர்த்தே விட்டுவிடுவார்.

மூலைகளும் இதே கதைதான். ஷாஃப்ட்டில் விட்டம் மாறும் தோள்மட்டத்தில் ட்ராயிங் கூர்மையான மூலையைக் காட்டும். டூல் முனையில் 0.4 அல்லது 0.8 ரேடியஸ் இருக்கும்போது அந்த மூலை கூர்மையாக வரவே வராது. பேரிங் அதில் போய் முட்டி, சரியாக உட்காராமல் சாய்ந்து நிற்கும். அங்கே ஒரு சின்னப் பள்ளம் வெட்டச் சொல்லி ட்ராயிங்கிலேயே காட்டிவிட்டால் தீர்ந்தது.

வெட்டிய விளிம்பில் ஒட்டி நிற்கும் பிசிறு பற்றித் தனியாகவே சொல்லலாம். ஒரு ஸ்பிண்டிலில் பின் போட 3 மி.மீ. குறுக்கு ஓட்டை இருந்தது. அதன் விளிம்பில் நகத்தால் தடவினாலும் உணர முடியாத ஒரு பிசிறு. அசெம்பிளியில் ஓ-ரிங்கை அந்த ஓட்டையைத் தாண்டித் தள்ளும்போது, ரப்பரில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். வால்வு டெஸ்டில் பாஸாகும். ஆறு பார் அழுத்தத்தில் பத்து நாள் நின்றால் சொட்டத் தொடங்கும். காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. கடைசியில் ஓட்டை விளிம்பில் பழைய நைலான் சாக்ஸை இழுத்துப் பார்த்தோம், நூல் மாட்டியது. "பிசிறு நீக்கவும்" என்று ட்ராயிங்கின் ஓரத்தில் பொதுவாக எழுதியிருந்தது. எந்த விளிம்பு, எவ்வளவு என்று எழுதவில்லை. இப்போது அந்த ஓட்டைக்கு "இரு பக்கமும் 0.3 உருண்டை" என்று தனியாக எழுதுகிறோம். பட்டறையில் ஒரு பெண் ஊழியர் அந்த வேலைக்காகவே ஒரு சின்னக் கவுன்டர் பிட் வைத்திருக்கிறார். அவர் கையிலிருந்து வந்த பெட்டியில் இதுவரை ஒரு கசிவும் வந்ததில்லை.

சரக்கு விஷயத்தில் நம்பிக்கை மட்டும் போதாது. ஸ்டெயின்லெஸ் என்று காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. 304-இல் நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல். 202-இல் அதில் பாதியளவுதான். அந்த இடத்தை மாங்கனீஸ் நிரப்புகிறது. இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது. ஆகவே காந்தம் இங்கே எதையும் சொல்லாது. தலைகீழாக, நிஜமான 304 ராடையும் குளிர்நிலையில் இழுத்து பிரைட் பார் ஆக்கும்போது லேசாகக் காந்தம் பிடிக்கும். அதைப் பார்த்து நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. மாங்கனீஸைக் காட்டும் சொட்டுச் சோதனைத் திரவம் கடையில் கிடைக்கிறது. ஒரு சொட்டு வைத்தால் நிறம் மாறுவதில் தெரிந்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு துண்டை வெட்டி ஸ்பெக்ட்ரோவுக்கு அனுப்பினால், எந்தத் தனிமம் எவ்வளவு என்று எண்ணோடு வந்துவிடும். ஆர்டரோடு ராடு செய்த ஆலையின் மில் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்பதும், அதிலுள்ள ஹீட் நம்பர், அதாவது உருக்கிய தொகுதியின் எண், ராடின் முனையில் அடித்திருக்கிறதா என்று பார்ப்பதும் நம் வேலை. ராடை வெட்டிய பிறகு அந்த முனைதான் முதலில் குப்பைக்குப் போகும். அதனால் வெட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

பட்டறைக்காரர் 304-க்குப் பதில் 303 போடலாமா என்று கேட்பது இன்னொரு விஷயம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. 304 கடையும்போது இறுகும், சுருள் அறுபடாமல் நூல்போல் நீண்டு டூலில் சுற்றும். 303-இல் கந்தகம் சேர்த்திருப்பதால் சுருள் பொடிப்பொடியாக உதிரும், வேலை வேகமாக ஓடும். ஆனால் துருவைத் தாங்குவதில் அது ஒரு படி கீழே, வெல்டிங்கும் ஒத்துவராது. நீராவி லைனில் போகிற பாகத்துக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. கைப்பிடி நட்டுக்கு ஒத்துக்கொள்கிறேன். இந்த மாதிரி கேள்வி கேட்கிற பட்டறைதான் எனக்கு வேண்டியது. கேட்காமலே மாற்றுகிறவரைத்தான் பயப்பட வேண்டும்.

முலாம் பூசும் பாகங்களில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 8 மைக்ரான் துத்தநாக முலாம் என்றால் விட்டத்தில் 16 கூடும், இரண்டு பக்கமும் ஏறுவதால். மரையில் அப்படியில்லை. மரையின் சரிவுகளில் முலாம் ஏறுவதால் அதன் நடுவிட்டம் நான்கு மடங்கு, 32 மைக்ரான் கூடுகிறது. முலாமுக்கு முன், ஏறினால் சரி என்று காட்டும் கோ கேஜ் தேனாக ஏறிய மரை, முலாமுக்குப் பின் இரண்டு சுற்றில் நின்றுவிடும். கடைந்தவர் முலாம் போட்டவரைத் திட்டுவார், முலாம் போட்டவர் கடைந்தவரைத் திட்டுவார். ட்ராயிங்கில் "முலாமுக்குப் பின்" என்று ஒரே ஒரு சொல் இருந்திருந்தால் இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

விலை எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு பேரம் பேசினால்தான் பேரத்துக்கு அர்த்தம். 25 மி.மீ. இ.என்.8 என்ற எஃகு ராடில் 60 மி.மீ. நீளமுள்ள ஒரு பாகம் என்று எடுத்துக்கொள்வோம். கம்பிக் கடைக்காரருக்கும் தெரிந்த கணக்குதான்: விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 25 மி.மீ.க்கு 3.86 கிலோ. முகம் சீவவும் துண்டிக்கவும் 4 மி.மீ. சேர்த்தால் ஒரு பீஸுக்கு 64 மி.மீ., சுமார் கால் கிலோ. கிலோ 80 ரூபாய் என்று வைத்தால் சரக்கு 20 ரூபாய். மெஷினுக்கு மணிக்கு 400 ரூபாய், ஒரு பீஸுக்கு மூன்று நிமிடம் என்றால் அதுவும் 20. செட்டிங்குக்கு இரண்டு மணி நேரம், 800 ரூபாய். 50 பீஸ் கேட்டால் அந்த 800-இல் ஒவ்வொன்றின் மேலும் 16 ரூபாய் ஏறும். 1,000 கேட்டால் 80 பைசா. 56 ரூபாய்க்கும் 41 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் முழுக்க செட்டிங்தான். லாபம், டிப்பு (டூலின் வெட்டும் முனை), சோதனை எல்லாம் இதற்கு மேல். மாதம் 50 வேண்டும் என்றால், மாதாமாதம் 50-க்கு ஆர்டர் போடாமல், வருடத்துக்கு 600 என்று பேசி மூன்று முறை 200-ஆகக் கடையச் சொன்னால் இரண்டு பக்கமும் மிச்சம்.

பித்தளையில் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போனால் சி.என்.சி. தேவையே இல்லை. கேமில் தானாக ஓடும் பழைய ட்ராப் (Traub) ஆட்டோமேட் மெஷின் இன்னும் பல பட்டறைகளில் எண்ணெய் வாசனையோடு ஓடுகிறது. கேம் மாற்றி செட் செய்ய ஒரு நாள் போகும். பிறகு சில விநாடிக்கு ஒரு பீஸ் வீதம் தொட்டியில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் பித்தளையில் பாதி காசு சுருளில் இருக்கிறது. சுருள் யாருக்கு என்று பேசாமல் விலை பேசினால் அந்த விலைக்குப் பொருளே இல்லை. மெல்லிசான நீளமான பாகங்களுக்கு, அதாவது விட்டத்தைப் போல் எட்டு பத்து மடங்கு நீளமிருந்தால், சாதாரண லேத்தில் டூல் தள்ளும்போது ராடே வளையும். டூல் பக்கத்திலேயே ராடைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்லைடிங் ஹெட் மெஷின் அதற்கு வேண்டும். அது உள்ள பட்டறை கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் வெளியூருக்கு அனுப்பிவிடுகிறேன். பக்கத்துப் பட்டறைக்காரரை அதில் சிக்கவைப்பது அவருக்குச் செய்யும் உபகாரம் ஆகாது.

எல்லையில் இருப்பதால் காகிதத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். வாளையார் வரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையில் நின்ற காலம் 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு முடிந்தது. இப்போது சிக்கல் வேறு. நாமே ராடு வாங்கிக் கடைவதற்கு மட்டும் அனுப்பினால் அது ஜாப் ஒர்க். சாதாரணமாக 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால்தான் இ-வே பில், அதாவது சரக்கு போவதற்கு இணையத்தில் எடுக்கும் சீட்டு. ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஜாப் ஒர்க்குக்குப் போகிற சரக்குக்கு மதிப்பு எவ்வளவு குறைந்தாலும் இ-வே பில் கட்டாயம். பைக்கில் பத்து கிலோ ராடு கட்டிக்கொண்டு வாளையார் தாண்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. டெலிவரி சலான் வேண்டும். போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி வரி விழும். ஜிக், ஃபிக்ஸ்சர், டை, டூல் மாதிரி சாமான்களுக்கு அந்தக் கெடு கிடையாது. அதனால் ஃபிக்ஸ்சரைப் பட்டறையிலேயே விட்டுவைக்கலாம்.

பணம் கொடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இதுவரை எழுதியது அரைகுறை. சிறுதொழில் சட்டம் 2006-லிருந்தே இருக்கிறது: எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள், பதிவு பெற்ற குறு, சிறு பட்டறைக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, கெடு தாண்டிய தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட வருமான வரியிலும் முடியாது. கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். அதற்குப் பிறகுதான் பல கம்பெனிகள் கண் திறந்தன. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பட்டறைக்காரர் ராடை ரொக்கத்துக்கு வாங்குகிறார், கரண்ட் பில்லை மாதம் கட்டுகிறார், டிப்பை ரொக்கத்துக்கு வாங்குகிறார். 120 நாள் கழித்துப் பணம் கொடுக்கிறவர், தேய்ந்த டிப்பால் கடைந்த பாகத்தைத்தான் வாங்குகிறார். டிப்பு தேயத் தேய, வெளிவிட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். அதைப் பிடிக்க ஒவ்வொரு இருபதாவது பீஸையும் அளந்து ஆஃப்செட் திருத்த வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

நான் கணக்குப் பிரிவோடு சண்டை போட்டு அந்தப் பெரியவரின் பில்லை 30 நாளில் போடவைத்தேன். அந்த வருடம் அவர் ஒரு மைக்ரான் வரை காட்டும் மைக்ரோமீட்டர் வாங்கினார். இப்போது அது அவருடைய சி.என்.சி. பக்கத்தில் மரப்பெட்டிக்குள் இருக்கிறது; வெறுங்கையால் யாரும் அதன் சட்டத்தைப் பிடிக்கக் கூடாது, கைச்சூடும் அளவில் ஏறும் என்று பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கனமான வார்ப்பிரும்புத் தட்டு. சக்கிலிருந்து கழற்றும் ஒவ்வொரு ஸ்பிண்டிலும் எண்ணெய் துடைத்து அந்தத் தட்டில் பத்து நிமிடம் படுத்திருக்கிறது. போன வாரம் நான் போனபோது அவசரமாக ஒன்றை எடுத்து அளக்கப் பார்த்தேன். "இருங்க தம்பி, இன்னும் ஆறலை" என்று கையிலிருந்து வாங்கித் திரும்பத் தட்டில் வைத்தார்.